தனுஷ்கோடியா, பாம்பனா, அழகன்குளமா: பாழிடம் தேடி நடக்க ஒரு நாள்

பாழடைந்த கட்டடங்களுக்கு நடுவே நடக்க வேண்டும், வழியில் கொஞ்சம் மரநிழலும் வேண்டும், கையில் இருப்பதோ ஒரே நாள். இப்படிக் கேட்பவர்களுக்கு இராமநாதபுரம் கடற்கரையில் மூன்று வழி உண்டு. இராமேஸ்வரம் தீவின் கிழக்கு வாலில் தனுஷ்கோடி. தீவின் வாசலில் பாம்பன். தீவுக்கு வெளியே, மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய துறைமுகங்களான அழகன்குளமும் பெரியபட்டினமும். மூன்றையும் ஒரே நாளில் அடுக்கிக்கொள்பவர்கள் மூன்றையும் வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நல்லது. எதைப் பிடிப்பது என்பதில் நம் ஆசைக்கு இருக்கும் பங்கைவிடக் காற்றுக்கு இருக்கும் பங்கு அதிகம்.

அழகன்குளத்தையும் பெரியபட்டினத்தையும் முதலில் பேசி முடித்துவிடலாம். வைகை கடலில் கலக்கும் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பல கட்டமாக அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகளும் ரௌலட்டட் எனப்படும் உருள்கோட்டுப் பானை ஓடுகளும் கிடைத்த ஊர். மன்னார் வளைகுடா ஓரத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. படிக்கப் படிக்க வாய் பிளக்க வைக்கும் ஊர்கள்தான். ஆனால் நேரில் போனால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதுதான் முறையும்கூட. மேலே பனையும் தென்னையும் சீமைக் கருவேலமும் வீடுகளும்தான் நிற்கும். தரையில் ஓடு கிடந்தால் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும், பையில் போடுவது குற்றம். நிழலில் நிதானமாக நடக்கவும் நிலத்தை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் அந்த ஊர்கள் பொருந்தும். மற்றவர்கள் இராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் உள்ள இராமலிங்க விலாசம் அருங்காட்சியகத்துக்குப் போனால், இந்த மண்ணின் பழம்பொருள்களோடு சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். வெளியே கால் வைக்க முடியாத காற்றும் மழையும் உள்ள நாளுக்கு அதுவே சரியான மாற்று.

பாம்பன் நடப்பதற்கான இடம் அல்ல, நின்று பார்ப்பதற்கான இடம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம் 145 கண் கொண்டது. நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்ஸர் தூக்குப் பாலம். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே செங்குத்தாக மேலெழும்பும் தூக்குக் கண்ணோடு கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் கட்டிய இரண்டு இரும்பு அறிவையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவில் இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். ஆனால் பழைய பாலத்தில் ஏற நினைக்கக் கூடாது. ரயில் ஓடவில்லை என்பதால் அது பொதுவழி ஆகிவிடாது. அதோடு உப்புக்காற்றில் அரித்த இரும்புத் தகடு மேலே வண்ணம் மாறாமல் அடியில் காகிதமாக இருக்கும். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் நடைமேடையில் நின்று பார்ப்பதோடு சரி. வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தினால் போலீஸ் விரட்டுவார்கள். பாலம் ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். தொப்பியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தலையில் நிற்காது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். முதியவர்களும் கைக்குழந்தையும் உடன் இருந்தால் இதுவே போதும் என்பதே எங்கள் கருத்து.

மீதி இருப்பது தனுஷ்கோடி. நடப்பதற்கென்று போகிறவர்களுக்கு அதுதான் முதல் தேர்வு. ஆனால் எல்லா மாதத்துக்கும் அல்ல.

காற்றைப் பார்த்து நாள் குறிப்பது

தனுஷ்கோடி ஒரு மணல் நாக்கு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கடலோடிகள் வாயில் வடக்கு பெண் கடல், தெற்கு ஆண் கடல். வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை பெண் கடலும் குணம் மாறிக் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் கிளம்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். மீன்பிடிக்கிறவர்கள் வலையையும் வள்ளத்தையும் இந்தக் கணக்கில்தான் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றுகிறார்கள். நடக்கப் போகிறவர்களும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொள்ளலாம்.

தை பாதியிலிருந்து பங்குனி பாதிவரை, அதாவது பிப்ரவரியை நடுவில் வைத்து இரண்டு மாதம், மிகச் சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, காயல் ஓரத்தில் பூநாரைகள் நிற்கும். வடகிழக்குக் காற்று இன்னும் மிச்சம் இருக்கும் என்பதால் மேற்கு நோக்கி நடந்தால் காற்று முதுகில் தள்ளும். காலையில் சூரியனும் முதுகுப் பக்கம். ஆகவே இந்தக் காலத்தில் வண்டியில் கிழக்கே போய் இறங்கி, மேற்கே நடந்து திரும்புவதே கணக்கு. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். காலையில் கிழக்கே நடந்து, கண்ணில் வெயில் வாங்கி, முகத்தில் காற்று வாங்கி, இடிபாடுகளை அடையும்போது களைத்துப்போய் நிழல் தேடுகிறார்கள். அங்கே நிழல் கிடையாது.

சித்திரை, வைகாசியில் சூடு. ஒன்பது மணிக்கு மேல் மணல் காலைச் சுடும். விடிந்ததும் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க முடிகிறவர்கள் மட்டும் போகலாம். ஆனி முதல் ஆவணி வரை கச்சான் முழு வேகத்தில் இருக்கும். மணல் கணுக்கால் உயரத்தில் ஓடை போலச் சாலையைக் குறுக்கே கடந்து ஓடும், சாலையில் மேடு கட்டும். அந்த மாதங்களில் கரையோர நடை வேண்டாம். பேருந்தில் போய், பார்த்து, பேருந்திலேயே திரும்புங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி புயல் மாதங்கள். வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்த நாளில் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்த ஊர் இப்படிக் கிடப்பதற்குக் காரணமே 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல்தான். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அன்று தனுஷ்கோடியை எட்டும் முன்பே அலையில் போனது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எதில் போவது

இராமேஸ்வரத்திலிருந்து முகுந்தராயர் சத்திரம்வரை பழைய சாலை. அங்கிருந்து, இடிபாடுகள் இருக்கும் பழைய தனுஷ்கோடி ஊர் 5 கிலோமீட்டர், பழைய ஊரிலிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை இன்னும் 4.5 கிலோமீட்டர். இந்த 9.5 கிலோமீட்டருக்கும் 2017இல்தான் தார்ச்சாலை திறந்தது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பும் மீன் வண்டியும் மட்டுமே போய்வந்தன.

அரசுப் பேருந்து மலிவு, நம்பிக்கையானது, நடக்கிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் ஏறலாம். வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஏறும்போதே நடத்துநரிடம் "பழைய சர்ச் பக்கம் இறக்கிவிடுங்க அண்ணே" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரோடும் சேர்த்து முனையில்தான் கொண்டுபோய் இறக்குவார். திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடக்கும் நேரப் பட்டியல்களை நம்ப வேண்டாம்.

ஆட்டோவும் வாடகை வேனும் நேரே அரிச்சல்முனைக்குப் போய், திரும்பும் வழியில் தேவாலயத்தின் அருகே பத்து நிமிடம் நிறுத்தும். அதுதான் அங்கே வழக்கமான 'டிரிப்'. இடிபாடுகளுக்காகவே போகிறீர்கள் என்றால் ஏறும் முன்பே பேச வேண்டும்: முனைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, பழைய ஊரில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று. ஏறிய பிறகு பேசினால் காத்திருப்புக் கூலியில் தகராறுதான்.

இருசக்கர வண்டி சுதந்திரம். ஆனால் தார்மேல் மெல்லிய மணல் படிந்த இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி படுத்துவிடும். வேகத்தை முன்கூட்டியே குறைத்து, பின் பிரேக்கோடு மட்டும் கடக்க வேண்டும். திரும்பியதும் அன்று இரவே நல்ல தண்ணீரில் செயினையும் ரிம்மையும் கழுவி எண்ணெய் விடாவிட்டால் மறுநாளே செம்மஞ்சள் துரு தெரியும். காரில் போகிறவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு, படம் எடுப்பதற்காகத் தாரை விட்டு மணலில் இறக்குவது. சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், அடிப்பாகம் தரையைத் தொடும்வரை தோண்டிக்கொண்டே போகும். நான்கு டயரிலும் காற்றைச் சுமார் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வழித்து, கால்மிதியைச் செருகி, முதல் கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். அந்தக் காற்றோடு இராமேஸ்வரம்வரை விரட்டினால் டயர் போய்விடும், கையில் ஒரு சிறிய பம்ப் இருப்பது நல்லது.

அமாவாசை நாட்களில், அதிலும் தை, ஆடி அமாவாசைகளில், இந்தச் சாலையே ஒரு வாகன நிறுத்தம். அன்று நடைக்காரர்களுக்கு வேலை இல்லை.

எந்த வழியில் நடப்பது

மரநிழல் கேட்டவர்களுக்கு ஒரு நேர்மையான பதில்: நிழல் சத்திரத்துக்கு மேற்கேதான். கோதண்டராமர் கோயில் பிரிவுக்கும் முகுந்தராயர் சத்திரத்துக்கும் இடையே சவுக்குத் தோப்புகளும் உடைமரங்களும் உண்டு. சவுக்குச் சருகு மெத்தை போலக் கிடக்கும், நடக்கச் சுகம். உடைமரம் குடை விரித்தாற்போல அழகாக நிற்கும்; ஆனால் அதன் வெள்ளை முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும். தடித்த அடி கொண்ட காலணி கட்டாயம், பையில் ஒரு முள்வாங்கியும். சத்திரத்துக்குக் கிழக்கே அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். நெய்தல் பாட்டில் தேர்ச் சக்கரம் அறுத்துப் போகும் அடும்பு இதேதான், ஊதாப் பூவோடு. இராவணன் மீசை அப்படிச் சாது அல்ல. அதன் நுனி ஊசி. அரைக்கால் சட்டையோடு நடந்தவர்கள் இரவில் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

பழைய ஊரிலிருந்து சத்திரத்துக்குத் திரும்பும் 5 கிலோமீட்டருக்கு மூன்று தடம் உண்டு. தார்ச்சாலையில் ஒன்றேகால் மணி நேரம். எளிது, சலிப்பு, வண்டிகளின் காற்று. தெற்குக் கரையில் அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணலில் ஒன்றரை மணி நேரம். இதுவே எங்கள் தேர்வு. அலை தொடும் கோட்டுக்கு இரண்டடி மேலே மணல் கெட்டியாக இருக்கும். அதைவிட மேலே ஏறினால் பொதபொதவென்று கால் இறங்கி வேகம் பாதியாகிவிடும், கெண்டைக்கால் வலி கண்டுவிடும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கரையில் ஒதுங்கிய சொறியை, அதாவது ஜெல்லி மீனை, மிதிக்க வேண்டாம். பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். மணல் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் எரிச்சலைக் கூட்டும்.

மூன்றாவது, வடக்கே காயல் பக்கம். வரைபடத்தில் பார்த்தால் குறுக்கு வழிபோலத் தெரியும், பூநாரையும் அந்தப் பக்கம்தான். ஆனால் அங்கே போகக் கூடாது. 2025இல் அந்தப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தரை. மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, வெடித்துக் காய்ந்து, பாளம் பாளமாக இருக்கும். அதன் கீழே இரண்டு அங்குலத்தில் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுத்த சேறு. முதல் இருபது அடி தாங்கும், பிறகு முழங்கால்வரை உள்ளே போகும், இழுத்தால் காலணி உள்ளேயே தங்கிவிடும். ஒரு சோதனை: பதித்த காலடியைத் திரும்பிப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊறினால் வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். இங்கே ஓதத்தின், அதாவது கடல்மட்டத்தின், ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் நிலம் தட்டை என்பதால், வாடைக் காற்று தள்ளினால் ஓதக் கணக்குக்குச் சம்பந்தமில்லாமல் தண்ணீர் பரவும்.

இடிபாட்டை வாசிப்பது

மற்ற ஊர்களில், கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆபத்து காலுக்குக் கீழே: மூடாத குழி, கெட்ட காற்று, உள்வாங்கும் தரை. தனுஷ்கோடியில் அது தலைக்கு மேலே. ஏன் என்பது கல்லைத் தொட்டுப் பார்த்தால் விளங்கும்.

தேவாலயச் சுவரின் பூச்சு உதிர்ந்த இடத்தில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். அது மலைக்கல் அல்ல, பவளப் பாறையை அறுத்து எடுத்த கல். குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கான நட்சத்திரக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிரி இருந்த வீடு. கல்லைப் பிணைத்த சுண்ணாம்புச் சாந்தும் வெளுத்து, விரலால் தொட்டால் மாவாக ஒட்டும். இந்தத் துளைகளுக்குள் உப்புநீர் புகுந்து, காய்ந்து, உப்பு பொரிந்து விரிவதால் கல் உள்ளிருந்தே உதிர்கிறது. வெளியே வேறொரு கை வேலை செய்கிறது. காற்றோடு ஓடும் மணல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். அதனால் சுவர் அடியில் தின்னப்பட்டு, மேலே பருத்து நிற்கிறது. கிழக்கு நோக்கி நிற்கும் ஒரு சுவரின் அடியை அதே சுவரின் இடுப்பளவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது காரணம் இரும்பு. வாசல் மேலும் வளைவிலும் புதைத்த கம்பி துருப்பிடித்துப் பெருக்கும்போது சுற்றியுள்ள கல்லை வெடிக்க வைக்கிறது. துருக்கறை வழிந்த விரிசலைக் கண்டால் அதன் கீழே நிற்காதீர்கள்.

ஆகவே வளைவுக்கு அடியில் நின்று படம் எடுப்பது, சுவர்மேல் ஏறி உட்காருவது இரண்டும் கூடாது. சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்பது பாதுகாப்பான பழக்கம். பேர் எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஆணியால் ஒரு கோடு இழுத்தால் உப்புக்கு ஒரு புது வாசல் திறந்தாயிற்று.

எதை எந்த வரிசையில் பார்ப்பது என்றால், தேவாலயத்தோடு நிறுத்திவிடாமல் ரயில் நிலையத்துக்குப் போங்கள். இந்த ஊரின் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் இங்கே வந்து நின்றது. பயணிகள் இறங்கிக் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். அன்று தனுஷ்கோடிக்குப் போனதே பிரதான பாதை, இராமேஸ்வரம் வெறும் கிளை. நிலையத்தின் மிச்சமும் தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் தபால் நிலையச் சுவரும் பள்ளிக்கூடமும், மணல் எங்கே மூடி எங்கே திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, பருவத்துக்குப் பருவம் கூடவும் குறையவும் தெரியும். கச்சான் முடிந்த பிறகு போனால் போன தடவை பார்த்த திண்ணை காணாமல் போயிருக்கும்.

இந்த ஊரைப் பேய் நகரம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அங்கே மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். குடிசையையும் ஆட்களையும் கேட்காமல் படம் எடுப்பது அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுதான். ஊற்று தோண்டியிருப்பதைக் காண்பீர்கள்: இரண்டு கடலுக்கு நடுவே, மணலில் மூன்று நான்கு அடியில், குடிக்கும் தண்ணீர். மழைநீர் எடை குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு மேலேறிவிடும் என்பதால் அவர்கள் அளவாகத்தான் மொள்வார்கள். உங்கள் பாட்டிலை அதில் அமுக்காதீர்கள். தண்ணீர் தலைக்கு 3 லிட்டர் நீங்களே கொண்டுபோக வேண்டும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு லிட்டர் அதற்குள் அடக்கம்.

கடலில் இறங்க வேண்டாம். குறிப்பாக அரிச்சல்முனையில், இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும், கரையும் சட்டென்று ஆழமாகும். முழங்காலளவு தண்ணீரில் நின்றவர்களையும் காலடி மணல் கரைந்து இழுத்துக்கொண்டு போகும். பவளத் துண்டு எதையும் எடுக்காதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். கைபேசியில் ரோமிங்கை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். இலங்கை 30 கிலோமீட்டருக்குள் இருப்பதால் அந்தக் கரையின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு கட்டணம் ஏறும். அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிட்டால் எல்லைப் பகுதி என்பதால் விசாரணை நீளும்.

நாள் திட்டம் இதுதான்: முதல் பேருந்தில் பழைய ஊர், இரண்டு மணி நேரம் இடிபாடுகள், எட்டரைக்குள் தெற்குக் கரையில் நடை தொடக்கம், பத்து மணிக்குச் சத்திரம். தெம்பு இருந்தால் சவுக்குத் தோப்பின் நிழலில் இன்னும் கொஞ்சம் மேற்கே நடந்து, கோதண்டராமர் கோயிலைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறலாம். 1964இல் சுற்றிலும் எல்லாம் போனபோதும் நின்ற கோயில் அது. முனையையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் அங்கேயும் பேருந்தில்தான் போக வேண்டும். பழைய ஊருக்கும் முனைக்கும் இடையிலான 4.5 கிலோமீட்டரில் நடந்து பார்க்க ஒன்றும் இல்லை. மாலையில் போவதாக இருந்தால் இருட்டும் முன்பே போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்புவார்கள் என்பதைக் கணக்கில் வைத்து, மூன்று மணிக்குள் பழைய ஊரில் இறங்கியிருக்க வேண்டும். அப்போது கரை நடையை விட்டுவிட்டு இடிபாடுகளை மட்டும் பாருங்கள். சாய்வெயிலில் அந்தக் கல்லின் நட்சத்திரக் குழிகள் காலையைவிட நன்றாகத் தெரியும்.